சோத்தாங்கை

தட்டு வந்துவிட்டது. மேஜைமேல் ஈரத்துணியை நாலாக மடித்துப் போட்டு, தட்டு நகராமல் இருக்க அதன்மேல் வைத்திருக்கிறாள் உலகு. உலகம்மாள் என்பது முழுப்பெயர். கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே நான் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். சோற்றில் சாளை மீன் குழம்பை ஊற்றி, மீனை முள் எடுத்து உதிர்த்துக் கலந்து, குழையப் பிசைந்து வைத்திருக்கிறாள். பார்த்தால் பல் முளைக்காத பிள்ளைக்கு வைத்த மாதிரி இருக்கிறது. மணம் மட்டும் எனக்கானது. முப்பது வருஷமாக பஸ் ஓட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறிய அதே மணம். நாக்கில் எச்சில் ஊறுகிறது. ஊறட்டும், அதற்குத்தானே மீன் வாங்கியது. பிடித்ததை வையுங்கள், கைக்கு ஆசை வரவேண்டும் என்று பிசியோ பெண் ஷெர்லின் சொல்லியிருந்தாள். ஆசை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. தோள் வரைக்கும்கூட வந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது. தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது வலது கை, சோத்தாங்கை, விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, கடைசி ஸ்டாப் வந்தது தெரியாமல் தூங்குகிற ஆள் மாதிரி. எழுப்பினால் எழும்பும். எழும்பியே ஆகவேண்டும். இந்தத் தட்டை இந்தக் கையால் நான் தின்று முடித்தால்தான் நாளைக் காலையில் உலகு கண் ஆபரேஷனுக்குப் போவாள். அது அவள் போட்ட சட்டம்.

"ஏங்க, ஆரம்பிச்சாச்சா?" என்கிறாள். அடுக்களை வாசலில் முக்காலி போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பார்க்காதே என்று நான்தான் சொன்னேன். "பாக்கலங்க. பாத்தா மட்டும் தெரியவா போவுது" என்று முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான் மறுபடி கையைப் பார்க்கிறேன். போ என்கிறேன். போ, போய் எடு. இப்படி ஒரு சொல்லை ஆயுசில் நான் கைக்குச் சொன்னதே கிடையாது, யார்தான் சொல்லியிருக்கிறார்கள். கண்டக்டர் விசிலடிப்பான், இடது கை தானாகவே கியருக்குப் போகும், வலது கை தானாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பும், நான் எங்கேயோ மகனின் பள்ளிக்கூடத்தையோ நேற்றைய சண்டையையோ நினைத்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு வேலையை என்னைக் கேட்காமலே செய்த கை அது. ஒருநாளாவது நன்றி என்று நினைத்திருப்பேனா? மாசி மாதம் ஒரு காலையில் டீ கிளாஸ் கீழே விழுந்தது. வழுக்கிவிட்டது என்று குனிந்தேன். கை என்கூட வரவில்லை. குனிந்தவன் அப்படியே சரிந்தேன். அன்றைக்கு உலகு எலுமிச்சம்பழம் தேய்க்கவில்லை, சோடா வாங்க ஓடவில்லை, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி ஆட்டோவில் ஏற்றினாள். சீக்கிரம் வந்ததால் பிழைத்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் வந்தது நானா, அவளா? இன்னொன்றும் இருக்கிறது. ராத்திரிகளில் அதை நினைத்தால் எழுந்து விளக்கைப் போட்டுக்கொள்கிறேன். இது ஓய்வு பெற்ற பிறகு வந்தது. காரையாறு வண்டியில், கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது வந்திருந்தால்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஸ்டீயரிங்கில் செத்த கை. வரவில்லை. என் வீட்டில், என் நாற்காலியில், என்மேல் மட்டும் வந்தது. அந்த மரியாதைக்காக நான் அதைக் கும்பிடுகிறேன்.

கையை விட்டு எண்ணம் எங்கேயோ போய்விட்டது பார். போ என்று சொல்லிக் கை போகவில்லை, எண்ணம்தான் போகிறது. முதல் வாரம் பேச்சும் இப்படித்தான் தடம் மாறியது. தண்ணீர் என்று நினைப்பேன், வாயில் டீசல் என்று வரும். உலகு என்று கூப்பிடப் போனால் பிரேக் என்று வந்தது. "ஆமா, ஒங்கள நிறுத்த நாந்தான பிரேக்கு" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதிருப்பாள், எனக்குத் தெரியாதா. பேச்சு திரும்பிவிட்டது. கால் திரும்பிவிட்டது, கொஞ்சம் இழுக்கிறது, பரவாயில்லை. கைதான் வீம்பு பிடிக்கிறது. ஷெர்லின் மார்த்தாண்டத்துப் பெண், என் மகனைவிடச் சின்னவள், ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதே அதட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் நான் நொந்துபோய், ஏம்மா, செத்தது எப்ப உயிர் வரும் என்று கேட்டேன். "செத்துப்போன எடம் செத்ததுதான் அங்கிள், அதையே பாத்துட்டு இருக்காதீங்க. பக்கத்துல உள்ள எடம் அந்த வேலையப் படிச்சு எடுத்துக்கும். ஆனா நீங்க வேலை குடுத்தாத்தான் படிக்கும்" என்றாள். கொடுக்காவிட்டால் என்றேன். "சும்மா கெடக்கிற எடத்த வேற யாராவது ஆக்கிரமிச்சிருவாங்க. முகம், தோளு, காலுன்னு எல்லாரும் மூளைக்குள்ள எடம் பாத்துட்டுத்தான் இருக்காங்க." அப்ப மண்டைக்குள்ளயும் புறம்போக்கு இருக்குன்னு சொல்லு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். அன்றைக்கு அவள் போன பிறகு எனக்கு அந்தப் பாலம் ஞாபகம் வந்தது. ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ரூட்டில் ஆற்றுப்பாலம் இடிந்தது. பஸ் நின்றதா? நிற்கவில்லை. ஊருக்குள் விட்டார்கள். பஸ்ஸையே பார்க்காத தெருக்கள். முதல் நாள் நான் கொண்டுபோனபோது ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ரோட்டில் காயப்போட்ட உளுந்தை வாரினார்கள், புளியமரக் கொப்பு ஜன்னலில் அடித்து இலையெல்லாம் உள்ளே கொட்டியது. ஒரு பொம்பளை, "யோவ், வீட்டுக்குள்ளயே வந்துருவ போலிருக்கே" என்று திட்டினாள். ஆள் நடந்து போகிற நேரம் பஸ்ஸுக்கு ஆனது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். கொப்பு பஸ் பட்டுப் பட்டே ஒடிந்து வழி விட்டது. டயர் தடம் விழுந்தது. உளுந்தை வேறு பக்கம் காயப்போட்டார்கள். கொஞ்சநாளில் அந்தத் திட்டிய பொம்பளையே கைகாட்டி நிறுத்தி ஏறினாள். பாலத்தைத் திரும்பக் கட்டவே இல்லை. இப்போது அந்தத் தெருதான் ரூட்டு.

சரி, மணிக்கட்டு. ஷெர்லின் சொல்லிக் கொடுத்த வித்தை, விரலை விரி என்று விரலிடம் கெஞ்சாதே, மணிக்கட்டைத் தொங்கவிடு, விரல் தானாக விரியும். கையைத் தட்டின் விளிம்புக்கு இழுக்கிறேன். தோள் மேலே ஏறுகிறது, அது ஏறக்கூடாது, இறக்குகிறேன். கை விளிம்பைத் தாண்டிவிட்டது. மணிக்கட்டைத் தொங்கவிடுகிறேன். விரிகிறது. மெல்ல, மனசே இல்லாமல், ஆனால் விரிகிறது. சோற்றுக்குள் இறங்கு. இறங்கிவிட்டது. சுடுகிறதா? தெரியவில்லை. ஆறியிருக்கிறதா? அதுவும் தெரியவில்லை. விரல் சோற்றுக்குள் இருப்பது கண்ணுக்குத்தான் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. ஒருநாள் சுடுதண்ணிச் செம்பின்மேல் கையை வைத்துக்கொண்டே பேப்பர் படித்திருக்கிறேன், கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன். ஷெர்லின் வாரா வாரம் என்னைக் கண்ணை மூடச்சொல்லிவிட்டுப் பல்குச்சியால் குத்துவாள். இப்ப? தெரியல. இப்ப? தெரியல. கண்ணைத் திறந்தால் விரல்நுனியில் சின்னச் சின்னக் குழி இருக்கும். போகட்டும், தெரியாவிட்டால் என்ன, எடுத்தால் போதும். மூடு. மூடுகிறது. அந்த வேலை அதற்குப் பிடித்த வேலை, முஷ்டியாகப் போய்விடும். தூக்கு. முழங்கை வெளியே போகிறது, தோள் காதைத் தொடுகிறது, நெஞ்செல்லாம் சேர்ந்து தூக்குகிறது, ஒரு பிடிச் சோற்றுக்கு இத்தனை ஆள். பாதி தூரம். இன்னும் கொஞ்சம். இடது கையும் என்னவோ செய்கிறது, பைக்குள் அதுவும் விரலை மடக்கிக்கொண்டு எழும்புகிறது, அதன்முன் தட்டும் இல்லை, சோறும் இல்லை. இடது கையில் ஒரு பை கட்டியிருக்கிறது, அது உதவிக்கு வந்துவிடக்கூடாது என்று. சோறு உதட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருக்கும்போது முஷ்டி இறுகிவிட்டது. விரலிடுக்கில் சோறு பிதுங்கி மடியில் விழுந்தது. வாய்க்கு வந்தது வெறும் முஷ்டி. முஷ்டியை நக்கிப் பார்த்தேன். புளிப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பை உலகு தைத்தது. என் பழைய காக்கி பேண்ட்டை வெட்டி, வாயில் நாடா வைத்து. அதைக் கட்டும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அம்மாவைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்குப் பிறப்பிலேயே இடது கைப் பழக்கம், அது ஷெர்லினுக்கு முதலில் தெரியாது. அம்மா என் இடது கையை இடுப்பு அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தட்டை வைப்பாள். நான் கத்துவேன். "சோத்தாங்கைன்னு எதுக்குல பேரு வச்சிருக்கு? சோத்தைத் திங்கத்தாம்ல" என்பாள். ஒரு கைக்குச் சோற்றின் பெயர். இன்னொன்று பீச்சாங்கை, அதன் பெயரிலேயே தண்ணீர்ச் செம்பு வந்துவிடுகிறது. பாவம், அது என்ன தப்பு செய்தது. பஸ்ஸில்தான் அதற்கு மரியாதை கிடைத்தது, கியர் முழுக்க அதன் ராஜ்யம். வலது கை விழுந்ததும் அது சந்தோஷமாக எழுந்து வந்தது, இத்தனை வருஷம் வாசலில் காத்திருந்த மாதிரி. சீப்பு எடுத்தது, பட்டன் போட்டது. ஆஸ்பத்திரியில் இட்லியை ஒரு துணுக்கு சிந்தாமல் பிட்டு எடுத்தது. வாய்க்குப் போகுமுன் உலகு பிடித்துக்கொண்டாள். "ஐயையோ, பீச்சாங்கையால திங்காதிய. நான் என்னத்துக்கு இருக்கேன்?" அன்றிலிருந்து அவள்தான் ஊட்டினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கமில்லாமல் வாயைத் திறந்தேன். அவள் விரல் என் உதட்டில் படும்போது, கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் இவள் எனக்கு ஒருநாளும் ஊட்டியதில்லையே, இதற்கு மண்டையில் நரம்பு அடைக்க வேண்டியிருந்ததே என்று நினைத்து நினைத்து விழுங்கினேன். அதெல்லாம் நல்ல சோறு. ஷெர்லின்தான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, நீங்க பாசத்துல அந்தக் கைய வேலையில்லாம ஆக்குறீங்க" என்றாள். உலகு எச்சில் கையோடு அப்படியே நின்றாள். பாசம் கெடுதல் செய்யும் என்று அவளுக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்று சாயந்தரமே பேண்ட்டை வெட்டினாள். பை கட்டிப் பழகிக் கை களைத்த பிறகு மிச்சச் சோற்றை மட்டும் அவளே ஊட்டினாள். நான் ஷெர்லினிடம் அரைஞாண் கயிற்றுக் கதையைச் சொன்னேன். அதனால் எனக்கு ஏதும் லாபம் உண்டா என்று கேட்டேன். "தெரியல அங்கிள். ஆனா இந்தக் கைக்கு இந்தப் பாடத்த நீங்க ஏற்கெனவே ஒருதடவ சொல்லிக் குடுத்த ஆளுதான?" என்றாள். அம்மா, கேட்டாயா? கத்தினேன், கடித்தேன், உன்னைச் சனியன் என்றுகூடச் சொன்னேன். நீ கட்டியது கட்டியதுதான். இன்றைக்கு அதே கயிறுதான் நாடாவாக வந்திருக்கிறது.

"என்னங்க, சத்தத்தையே காணும்?" முதுகு கேட்கிறது. தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் என்கிறேன். "மெதுவா. தொண்டையில போட்டுக்கிடாதிய." அந்தத் தொண்டைச் சொல்லில் அவள் குரல் ஒரு நொடி தடுக்குகிறது. தடுக்கும். ஆடியில் ஒருநாள் இதே சாளை மீன், இதே நாற்காலி, அவள் ஊட்டினாள், ஒரு முள் போய்த் தொண்டையில் நின்றது. விழுங்குவதே எனக்குத் தகராறு அப்போது. இருமவும் பலமில்லை, கண் பிதுங்கிவிட்டது. வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டி வாயில் போட்டாள், முதுகில் அடித்தாள், கடைசியில் எப்படியோ இறங்கியது. இறங்கிய பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குக் கண்ணு தெரியலங்க. ரொம்ப நாளாவே தெரியல. விரல வச்சித்தான் முள்ளு பாக்கேன்" என்றாள். அதுவரைக்கும் சொல்லவில்லை. அரிசியில் கல் கிடந்ததும், எனக்கு மாத்திரை மாறப் பார்த்ததும், வாசல்படியில் அவள் காலை நிதானித்து வைத்ததும் எல்லாம் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது. நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அவள் போகவில்லை. மறுபடி கொடுத்தார்கள். போகவில்லை. ஆபரேஷன் முடிந்தால் குனியக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, இவருக்கு யார் ஊட்டுவது? ஓசூரிலிருந்து மகன் லீவு போட்டு வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டாள். நான் இடது கையால் தின்றுகொள்கிறேன் உலகு, எனக்கு அது வெகு சுலபம் என்றேன். "நான் கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடக்கையில நீங்க இங்க பீச்சாங்கையால தின்னுக்கிட்டு இருப்பிய. எனக்கு அந்தக் கண்ணே வேண்டாம்" என்றாள். பிறகுதான் சட்டம் போட்டாள். என்றைக்கு நீங்கள் சோத்தாங்கையால் ஒரு தட்டுச் சோறு தின்கிறீர்களோ அன்றைக்குப் போகிறேன். பிடிவாதத்தில் இவள் எனக்கு ஒரு படி மேலே. நாளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்றாவது தேதி. புரை முத்திவிட்டது, இனிமேல் தள்ளினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவளிடமும் சொன்னேன். "அப்ப நீங்க சீக்கிரம் தின்னுங்க" என்றாள்.

இரண்டாவது பிடி. மூன்றாவது. ஒன்று வாய்க்கு வந்தது, பாதி. மற்றது மடியில், மேஜையில், ஒரு பருக்கை மூக்கில்கூட இருக்கிறது. தட்டில் அப்படியே இருக்கிறது சோறு. கை களைத்துவிட்டது. அது களைத்தால் எனக்குத் தலை கனக்கிறது, உள்ளே அந்தப் புதுத் தெருக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் போலும். நாடா என் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. இடது கையைத் தூக்கினால் நாடா முனை பல்லில் மாட்டும். ஒரு இழுப்பு. அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். திரும்பினாலும் நான் எந்தக் கையால் தின்றேன் என்று அவளுக்குத் தெரியாது, அங்கிருந்து பார்த்தால் நானே அவளுக்கு ஒரு நிழல். பத்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்துவிடுவேன். பையைத் திரும்பக் கட்ட முடியாதே, அதற்கென்ன, அவிழ்ந்துவிட்டது என்று சொன்னால் போயிற்று. நல்லதுக்குத்தானே? அவள் கண்ணுக்காகத்தானே? பொய் சொல்லிப் பார்வையை வாங்கிக் கொடுத்தால் பாவமா? இடது கை பைக்குள் துடிக்கிறது. நான் கையைத் தூக்கினேன். நாடா பல்லில் மாட்டிவிட்டது. காக்கித் துணி வாசம், அதில் இன்னும் கொஞ்சம் டீசல். அப்போது தட்டைப் பார்த்தேன். அந்த மீனைப் பார்த்தேன். துணுக்குத் துணுக்காக, ஒவ்வொரு துணுக்கையும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்து நசுக்கிப் பார்த்து உதிர்த்திருக்கிறாள். காலையிலிருந்து அடுக்களையில் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், கண் தெரியாமல், எனக்காக, விரலால். அந்த விரலிடம் போய் நான் பொய் சொல்வதா? அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது வந்து என் கையைத் தொட்டு, இந்தக் கையாலதான தின்னிய என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நாடாவைத் துப்பினேன். முடியாவிட்டால் முடியவில்லை என்று அவளிடம் சொல்வேன். காலில் விழுந்தாவது நாளைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். திருடித் தின்ன மாட்டேன்.

கொஞ்ச நேரம் கையைச் சும்மா விட்டேன். அது சோற்றுக்குள்ளேயே கிடந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிறார்கள், அது கிளம்பமாட்டேன் என்கிறது, கிளம்பிவிட்டது. உலகு அடுக்களை வாசலில் மூக்கை உறிஞ்சுகிறாள். ஜலதோஷமாக இருக்கும். போ என்று நான் இனிமேல் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் சலித்துவிட்டது, கைக்கும் சலித்திருக்கும். எடுக்கிறதானால் எடு, இல்லாவிட்டால் கிட. இத்தனை வருஷம் என்னைக் கேட்டா செய்தாய்? வளைவில் நான் சொல்லியா திருப்பினாய்? உனக்கு நான் நன்றி சொல்லவேயில்லை, இப்போது சொல்கிறேன், நிறையச் செய்துவிட்டாய், போதும். உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இப்படி என்னவோ மனசுக்குள் பேசிக்கொண்டே விரல் சோற்றில் அளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளைகிறதா? ஆமாம், அளைகிறது. பெருவிரல் ஒரு பருக்கையைத் தள்ளியது. நான் சொல்லவில்லை. சட்டென்று கை பின்னால் இழுத்துக்கொண்டது. இழுத்துக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்காட்டி விரலின் நுனியில் என்னவோ. என்னவோ இல்லை, சுருக் என்று. மிகச் சின்னதாக, வெகு தூரத்திலிருந்து யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தும் விழாததும் மாதிரி. அசையாமல் இருந்தேன். மறுபடி விரலை அங்கேயே கொண்டுபோனேன். சுருக். குத்துகிறது. அம்மா, குத்துகிறது. குனிந்து பார்த்தேன், கண்ணாடி போடாத கண்ணுக்கு வெறும் சோறுதான் தெரிந்தது. மயிர் மாதிரி ஒரு சாளை முள்ளாகத்தான் இருக்கும், உலகின் விரலுக்குத் தப்பியது. ஷெர்லின் கொண்டைக்கடலையைப் பரப்பிவைத்து, ஒன்றே ஒன்றை இரண்டு விரலால் எடுங்கள் என்று எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறாள். கடலை உருண்டு வீடெல்லாம் போகும், உலகு மிதித்துவிட்டு என்னைத் திட்டுவாள். அந்த இரண்டு விரலும் இப்போது மெதுவாக, ஆட்டத்தோடு, ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருகின்றன. பைக்குள் இடது கையின் இரண்டு விரலும் அதையே செய்கின்றன, இப்படி, இப்படித்தான் என்று காட்டிக்கொடுக்கிற மாதிரி. உனக்கும் நன்றிடா, நீ நல்லவன். வலது விரல்கள் முள்ளின் இரண்டு பக்கமும் வந்தன. மூடின. தூக்கின. முள் வந்துவிட்டது.

"உலகு" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் பதறிக்கொண்டு எழுந்தாள். "என்ன, தொண்டையிலயா? ஐயோ, பாத்துப் பாத்துத்தான எடுத்தேன்." தொண்டையில் இல்லை, இங்கே வா, கையை நீட்டு என்றேன். சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று நீட்டினாள். சோத்தாங்கையைத் தூக்கினேன், தோள் ஏறியது, ஏறட்டும். அவள் உள்ளங்கைக்கு மேலே கொண்டுபோனேன். விடமாட்டேன் என்கின்றன விரல்கள், பிடித்தது பிடித்ததுதான். மணிக்கட்டைத் தொங்கவிட்டேன். விரிந்தன. முள் அவள் கையில் விழுந்தது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள், தெரியவில்லை. விரலால் தடவினாள். முகம் மாறியது.

"முள்ளு" என்றாள். "எப்படிக் கண்டுபிடிச்சிய? ஒங்களுக்கும்தான கண்ணாடி இல்லாம கிட்டத்துல தெரியாது."

என் கண்ணாடி அதன் கூட்டுக்குள் அலமாரியில்தான் இருந்தது. "கண்ணால இல்லளா. விரல்ல குத்துச்சு."

"எந்த விரல்ல?"

நீட்டிக் காட்டினேன். அவள் அந்த விரலைப் பிடித்தாள், குழம்பும் சோறுமாக இருந்த விரலை. பிடித்துக்கொண்டு முள்ளின் முனையை அதன் நுனியில் மெல்ல வைத்து அழுத்தினாள். நான் ஆ என்றேன். வலிக்கவில்லை, சும்மா, அவளுக்காக ஆ என்றேன். இல்லை, வலிக்கத்தான் செய்தது. அவள் என் கையை விடாமல் அப்படியே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. எனக்கும் இறங்கியது, துடைக்க ஒரு கை பைக்குள் இருந்தது, ஒரு கை அவளிடம் இருந்தது. பிறகு போய் முக்காலியைத் தூக்கி வந்து என் பக்கம் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மிச்சத்தையும் சாப்பிடுங்க" என்றாள். "நாளைக்கு வெள்ளன எந்திரிக்கணும்."